தீவனத்தைத் தொடாத குதிரை: முதல் மணி நேரத்திலிருந்து தேறும் நாள் வரை

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்லிக் காட்டுவார்கள். அந்தக் கொள்ளுக்கும் வாயைத் திறக்காமல், தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாயத்தின் மூலையில் நிற்கும் குதிரையைப் பார்த்தால் வளர்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும். உடனே கை பரபரக்கும். இஞ்சி, பூண்டு, நல்லெண்ணெய், மூங்கில் குழாய் என்று வீடே கிளம்பிவிடும். இருபது வருடங்களாகக் குதிரை வளர்க்கிறேன். நோயால் செத்த குதிரைகளையும் பார்த்திருக்கிறேன்; அவசரப்பட்டு வாயில் ஊற்றியதால் செத்த குதிரையையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஊட்டுவது பற்றிய பேச்சு பாதிக்கு மேல்தான் வரும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், எழுதிவைக்க வேண்டும், மருத்துவரை அழைக்க வேண்டும்.

அந்தியூர் ஆடிச் சந்தையில் ஆசைப்பட்டு ஒரு குதிரையை வாங்கி வந்து தோட்டத்தில் கட்டியிருப்பவர், ரேக்ளாவுக்கும் திருமண ஊர்வலத்துக்கும் குதிரை பழக்குபவர், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மட்டக்குதிரையை நம்பிப் பிழைப்பவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பந்தயக் குதிரைக்கு மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். இவர்களுக்கு அப்படி இல்லை.

மாட்டைப் போல நினைத்துவிடாதீர்கள்

நம்மில் பலர் மாடு வளர்த்த பழக்கத்தோடு குதிரைக்கு வந்தவர்கள். மாட்டுக்கு வயிறு மந்தமானால் செய்யும் கைவைத்தியத்தைக் குதிரைக்கும் செய்துவிடுகிறோம். இரண்டின் வயிறும் வேறு வேறு. குதிரைக்கு ஒரே இரைப்பைதான். அதுவும் 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதன் இரைப்பையில் அமிலம் சுரந்தபடி இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போதுதான் சுரக்கும். பட்டினி கிடக்கும் குதிரைக்கு இரைப்பையில் புண் சீக்கிரமே வருவது இதனால்தான். புண் வந்துவிட்டால் பசி இன்னும் கெடும்.

இன்னொன்றும் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே இருக்கும் தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே வாயுவோ நீரோ நிரம்பினால் வெளியேற வழியில்லாமல் இரைப்பையே கிழிந்துபோகலாம். ஆக, குதிரை தீவனத்தை மறுத்தால், உள்ளே ஏற்கெனவே நிரம்பியிருப்பதால்கூட மறுக்கலாம். அந்த நேரத்தில் நாம் ஒரு பாட்டில் எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம்: சும்மா நின்று பாருங்கள்

தொட்டியில் கிடக்கும் பழைய தீவனத்தை அள்ளி வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீர் இருக்கட்டும். பிறகு லாயத்துக்கு வெளியே, குதிரை உங்களைக் கவனிக்காத இடத்தில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பசி இல்லையா, பசி இருந்தும் தின்ன முடியவில்லையா?

பசி இல்லாத குதிரை தொட்டிப் பக்கமே வராது. ஒரு பிடி பசும்புல்லை மூக்கருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அல்லது முகர்ந்துவிட்டு விட்டுவிடும். காய்ச்சல், வயிற்றுவலி, இரைப்பைப் புண், ஈரல் கோளாறு, உடம்பில் எங்கோ கடும் வலி என்று காரணம் உள்ளே இருக்கும். பசி இருந்தும் முடியாத குதிரை ஆவலோடு வரும், வாயில் எடுக்கும், மெல்லும்போது தலையைச் சாய்க்கும், பிறகு கீழே போட்டுவிடும். அதன் சிக்கல் வாயிலோ பல்லிலோ தொண்டையிலோ இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துச் சொன்னாலே மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

கீழே சொல்பவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். குதிரை முன்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது, காரணமில்லாமல் வியர்க்கிறது என்றால் வயிற்றுவலி. கழுத்தை நீட்டி இருமிக்கொண்டு, இரண்டு மூக்குத் துளைகளிலிருந்தும் பச்சை நுரையும் தீவனத் துகளும் வழிகிறது என்றால் உணவுக்குழாயில் தீவனம் அடைத்திருக்கிறது. இந்த ஒரு நிலையில் மட்டும் தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும். தலை தாழ்ந்து இருக்கும்படி அமைதியாக நிறுத்தி வையுங்கள். காய்ந்த தவிட்டையும் குச்சித் தீவனத்தையும் நனைக்காமல் போட்டால், அவசரமாகத் தின்னும் குதிரைக்கு இது வரும்.

பால் குடிக்கும் குட்டி மடியைத் தேடாமல் படுத்திருந்தாலும் அவசரம்தான். பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குத்தான்.

எண்ணி எழுத வேண்டியவை

ஒரு நோட்டும் பேனாவும் லாயத்திலேயே இருக்கட்டும். குதிரையை அரை மணி நேரம் நிழலில் நிறுத்திய பிறகு எண்ணத் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் நின்ற குதிரையின் உடல் சூடு பொய் சொல்லும்.

உடல் சூட்டை ஆசனவாயில்தான் பார்க்க வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலின் தடவி, மறுமுனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் துணி மாட்டும் கிளிப்பைக் கோத்து வாலில் மாட்டிவிடுங்கள். பின்னால் நிற்காமல், இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. 101.5-ஐத் தாண்டினால் காய்ச்சல். 103-க்கு மேல் போனால் பெரும்பாலான குதிரைகள் தீவனத்தை நிறுத்திவிடும். காய்ச்சல் இறங்கியதும் தாமாகவே தின்னத் தொடங்கும்.

நாடித்துடிப்பைத் தாடை எலும்பின் அடிவிளிம்பில் பார்க்கலாம். கன்னத்துக்குக் கீழே எலும்பின் உட்புறமாக விரலை ஓட்டினால் பென்சில் தடிமனில் ஒரு குழாய் உருளும். அதை எலும்போடு சேர்த்து மெல்ல அழுத்தி 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஓய்வில் நிற்கும்போதே 60-ஐத் தாண்டினால் நிலைமை கடுமை என்று பொருள். குதிரை அமைதியாக நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூச்சு 8 முதல் 16 வரை. விலா ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணினால் போதும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். விரலில் ஒட்டும் வறண்ட ஈறு தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லும். செங்கல் நிறம், ஊதா நிறம், பல்லை ஒட்டி ஊதாக் கோடு ஆகியவை ரத்தத்தில் நஞ்சு ஏறுவதைச் சொல்லும். வெளிறியிருந்தால் ரத்தசோகை. மஞ்சள் பூத்திருந்தால் ஈரலையோ உண்ணிக் காய்ச்சலையோ நினைக்க வேண்டும். ஆனால் சில நாள் பட்டினி கிடந்தாலே குதிரையின் ஈறு லேசாக மஞ்சளாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து வயிற்றுச் சத்தம். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், இரண்டு பக்கமும் காதை வைத்து ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் கேளுங்கள். குடுகுடுவென்று நீர் உருளும் சத்தமும், தொலைவில் இடி உறுமுவதைப் போன்ற சத்தமும் கேட்பதுதான் நலம். நான்கு இடத்திலும் நிசப்தம் என்றால் குடல் நின்றுவிட்டது. நலமாக இருக்கும் நாட்களிலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு நிசப்தத்தின் பொருளும் தெரியாது.

கடைசியாக லத்தி. குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். எத்தனை குவியல், எவ்வளவு ஈரம், மேலே சளி படிந்திருக்கிறதா, முழுத் தானியம் அப்படியே வந்திருக்கிறதா என்று எழுதுங்கள். ஆற்றோரத்திலும் தேரிக்காட்டிலும் மேயும் குதிரையாக இருந்தால், லத்தியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீரில் கலக்கி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் வயிற்றுக்குள்ளும் மணல் இருக்கிறது.

வாயைப் பார்ப்பது, வாயைத் தொடக் கூடாத நேரம்

என்னிடம் பவளம் என்று ஒரு செவலைப் பெட்டை இருந்தது. அப்போது அதற்கு 14 வயது. ஓர் ஐப்பசி மாதத்தில் தீவனம் குறைந்தது. மழைக்காலத்து மந்தம் என்று நினைத்து, கடையில் பசி மருந்து வாங்கி ஐந்து நாள் கொடுத்தேன். ஆறாம் நாள் காலையில் லாயத்தைப் பெருக்கும்போது தொட்டிக்குக் கீழே எலுமிச்சை அளவில் சில உருண்டைகள் கிடந்தன. லத்தி என்று நினைத்துத்தான் எடுத்தேன். எச்சில் ஊறிய புல். தண்ணீரில் அலசிப் பார்த்தேன்; நார் எல்லாம் விரல் நீளத்துக்கு அறுபடாமல் அப்படியே இருந்தது. மென்று மென்று, விழுங்க முடியாமல் துப்பியிருக்கிறது. மருத்துவர் வந்து வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கத்தி போல் வளர்ந்து, கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் புண் விழுந்திருந்தது. அரத்தால் ராவி விட்டார். மறுநாள் மாலையே பவளம் தின்னத் தொடங்கிவிட்டது. அந்த ஐந்து நாளும் பசியோடு தொட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்த மிருகத்துக்கு நான் பசி மருந்து கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். அரைபட்டுத் தேய்ந்துகொண்டும் இருக்கும். தேய்மானம் சமமாக இல்லாவிட்டால் மேல்வரிசையின் வெளிப்பக்கமும் கீழ்வரிசையின் உட்பக்கமும் கூராகிவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை பல்லைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கடிவாளம் அறுத்த புண், நாக்கில் ஏறிய முள், ஈறில் குத்திய புல்விதை, அழுகிய பல்லிலிருந்து ஒரே ஒரு மூக்குத் துளையில் மட்டும் வரும் நாற்றச் சளி ஆகியவற்றையும் பாருங்கள். உதட்டை விலக்கி வெளியிலிருந்து பார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. கடைவாய்க்குள் கையை விடுவது மருத்துவரின் வேலை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெறிநாய்க்கடி நோய் வந்த குதிரையும் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கிக்கொண்டு நிற்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வெறுங்கையை உள்ளே விட்டால் உங்கள் உயிருக்கே ஆபத்து. சில வாரங்களுக்கு முன் நாய் கடித்திருந்தாலோ, நடையில் தள்ளாட்டமும் குணத்தில் திடீர் மாற்றமும் இருந்தாலோ யாரையும் நெருங்கவிடாதீர்கள்.

வாய்ப்பூட்டு என்று நம் ஊரில் சொல்லும் டெட்டனஸ் வேறு விதமாகத் தெரியும். காது விறைத்து நிற்கும், வால் சற்றுத் தூக்கியிருக்கும், கால்களை அகட்டி மர பொம்மையைப் போல் நிற்கும், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு குறுக்கே ஏறி வரும். தாடை இறுகிவிடுவதால் தின்ன முடியாது. கால்நடைகளில் இந்த நோய் மிக எளிதாகப் பிடிப்பது குதிரையைத்தான். லாட ஆணி குத்திய சிறு காயம் போதும். தடுப்பூசி இருக்கிறது. போடாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல.

என்ன மாறியது என்று யோசியுங்கள்

மருத்துவர் வருவதற்குள் கடந்த மூன்று நாளை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். தீவனம் மாறியதா? பசும்புல்லிலிருந்து திடீரென்று வைக்கோலுக்கு மாற்றினால், அதோடு தண்ணீரும் குறைந்தால், குடலில் கட்டிக்கொள்ளும். மூட்டை ஈரமானதா? பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே கரைக்கும். பூ வியாபாரத்துக்கு அரளி போட்டிருக்கும் தோட்டத்தில் கட்டினீர்களா? சில பிடி அரளி இலை ஒரு குதிரையைக் கொல்லும். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. கூடவே நின்ற குதிரையை விற்றுவிட்டீர்களா? துணையைப் பிரிந்த குதிரை தீவனத்தை வெறுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வலி மருந்து ஏதாவது பல நாள் கொடுத்தீர்களா? பினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகள் இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கிப் பசியைக் கெடுக்கும்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல், பல்லடம் வட்டாரங்களில் கோழித் தீவனம் எளிதாகக் கிடைக்கிறது. மிச்சமானதைக் குதிரைக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கோழிகளின் ரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாது. குதிரைக்கு மிகச் சிறிய அளவிலேயே இதயத் தசையை அழித்துவிடும். முதல் அறிகுறியே தீவனத்தை மறுப்பதும் வியர்ப்பதும்தான். சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் சேர்க்கிறார்கள். குதிரைக்கென்று செய்யாத கலப்புத் தீவனத்தை லாயத்துக்குள் கொண்டுவராதீர்கள். தவறிப் போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவரை அழைக்கும்போது

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். சென்னையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. அழைக்கும்போது "குதிரை சாப்பிடவில்லை" என்று மட்டும் சொல்லாமல் நோட்டைப் பார்த்துப் படியுங்கள். வயது, எப்போதிலிருந்து, உடல் சூடு, நாடி, ஈறின் நிறம், வயிற்றுச் சத்தம், கடைசி லத்தி எப்போது, தின்ன வருகிறதா வரவில்லையா. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எவ்வளவு விரைவாக வர வேண்டும் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

அவர் வரும்வரை செய்யக் கூடாதவை இரண்டு. முதலாவது, ஊற்றுவது. எனக்குத் தெரிந்த ஒருவரின் மட்டக்குதிரைக்கு வயிற்றுவலி வந்தபோது, தலையைக் கயிற்றால் உத்தரத்துக்குத் தூக்கிக் கட்டி மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றினார்கள். பாதி எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனது. குதிரை இருமக்கூட இல்லை. எண்ணெய் வழவழப்பானது, இருமலைத் தூண்டாமலே இறங்கிவிடும். வயிற்றுவலி அன்றிரவே தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மூச்சில் அழுகல் நாற்றம் வந்தது, ஒன்பதாம் நாள் செத்தது. மருத்துவரும் எண்ணெய் கொடுப்பார். ஆனால் மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் விட்டு, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே கொடுப்பார். அந்தக் குழாய் வழியாகவே இரைப்பையில் தேங்கிய நீரையும் வாயுவையும் வெளியேற்றுவார். வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு அதுதான் வாந்தி.

இரண்டாவது, வீட்டில் மிச்சமிருக்கும் வலி ஊசியைப் போடுவது. வலி அடங்கினால் குதிரை நலமாகத் தெரியும். உள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருந்தாலும் தெரியாது. அறுவை செய்து காப்பாற்றக்கூடிய நேரம் அதில் போய்விடும். வயிற்றுவலியில் புரண்டுகொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தலாம். விடிய விடிய நடத்தி அதன் உடம்பைச் சோர வைக்காதீர்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி காணும் நோய்களில் சர்ராவைத் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டு ஈயைப் போன்ற பெரிய கடி ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய் இது. காய்ச்சல் வரும், போகும். இரண்டு நாள் தின்னும், மூன்றாம் நாள் தின்னாது. தின்கிற நாட்களிலும் உடம்பு கரையும். வயிற்றின் அடியிலும் கால்களிலும் நீர் கோத்து வீங்கும். பக்கத்துக் கொட்டிலில் நிற்கும் மாடு எந்த அறிகுறியும் இல்லாமல் இதைச் சுமந்துகொண்டிருக்கலாம். காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில்தான் ஒட்டுண்ணி எளிதாகச் சிக்கும். காய்ச்சல் எப்போது ஏறுகிறது என்று உங்கள் நோட்டு சொல்ல வேண்டும். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இளங்குதிரைக்குத் தாடைக்கு அடியில் கழலை வீங்கி, மூக்கில் கெட்டிச் சளி வந்தால் தொண்டைக் கழலை நோயாக இருக்கலாம். அதைத் தனியாகக் கட்டி, வாளி, சீப்பு, தலைக்கயிறு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்குச் சளியோடு காலிலும் உடம்பிலும் வரிசையாகக் கட்டிகள் உடைந்தால் கிளாண்டர்ஸ் என்ற நோயை நினைக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசு மருத்துவருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

தீவனத்துக்கு முன் தண்ணீர்

நோய் என்னவென்று தெரிந்து மருந்தும் தொடங்கிய பிறகு நம் வேலை ஆரம்பிக்கிறது. முதலில் தண்ணீர். 100 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்பது அடிப்படைக் கணக்கு. நம் கோடையில் அது இரட்டிப்பாகும். தானாக நிரம்பும் தொட்டியில் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. நோய்க் குதிரைக்கு வாளியில் அளந்து வையுங்கள். இரண்டு வாளி இருக்கட்டும்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் சிட்டிகை உப்போ கொஞ்சம் ஓட்ஸ் ஊறிய நீரோ கலந்தது. வெறும் தண்ணீரை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். சுவை பிடிக்காத குதிரை தாகத்தோடு நிற்கும். மலையில் மார்கழிக் குளிரில் தண்ணீர் ஐஸாக இருந்தால் குடிக்காது. வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் கூடுதலாகக் குடிக்கும்.

ஆசை காட்டுவது

குதிரைக்குத் தீவனம் முதலில் மூக்கில்தான் ருசிக்கும். சளி அடைத்த மூக்கை வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்துவிட்ட உடனேயே தின்னத் தொடங்கிய குதிரைகள் உண்டு. தொட்டியில் நேற்றைய புளிப்பு வாடை இருக்கக் கூடாது. ஒரு பிடிக்கு மேல் வைக்காதீர்கள். மலையாகக் குவித்த தீவனத்தைப் பார்த்தாலே நோய்க் குதிரை விலகிப்போகும். இருபது நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வேறொன்றை வையுங்கள். தரை மட்டத்தில் வைத்தால் தலை தாழும், சளியும் வடியும்.

நான் முதலில் தேடுவது பசும்புல்தான். நடக்கக்கூடிய நிலையில் இருந்தால் கயிற்றைப் பிடித்து வெளியே கூட்டிப் போய், அருகம்புல் உள்ள இடத்தில் நிறுத்துவேன். லாயத்தில் வெட்டிப் போட்டால் முகராத குதிரை, வேரோடு நிற்கும் புல்லைத் தானே கடித்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரகரச் சத்தம் காதில் விழும்போது வரும் நிம்மதியை வளர்த்தவர்கள் அறிவார்கள். அடுத்தது லூசர்ன் என்றும் சொல்லும் தீவனப் பயிரான குதிரைமசால். தமிழில் அதன் பெயரிலேயே குதிரை இருக்கிறது. இலை மென்மையானது, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தது. அந்தச் சுண்ணாம்புச் சத்து இரைப்பை அமிலத்தையும் ஓரளவு தணிக்கும். பச்சையாக நிறைய போட்டால் வாயு பிடிக்கும். வாட வைத்தோ உலர்த்தியோ கொடுங்கள்.

பல்வலிக்காரக் குதிரைக்கும் கிழட்டுக் குதிரைக்கும் உலர்புல்லை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி ஊறவையுங்கள். குச்சித் தீவனமாக இருந்தால் கையால் மசித்தால் கூழாகும் வரை ஊற வேண்டும். கேரட்டை வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

வாசனைக்கு நம் அடுக்களையே போதும். 2005-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் குதிரைகளுக்குப் பல வாசனைகளைத் தீவனத்தில் கலந்து வைத்துப் பார்த்தபோது, அவை முதலில் தேடியது வெந்தயம், அடுத்தது வாழைப்பழம்; சீரகமும் முன்வரிசையில் இருந்தது. ஈரத் தீவனத்தின் மேல் ஒரு சிட்டிகை வெந்தயப் பொடி தூவிப் பாருங்கள். வாசனைக்காக மட்டும், மருந்து என்று நினைத்துக் கைநிறைய வேண்டாம். வெல்லம் பலருக்குப் பழக்கம். குளம்பு நோய் வந்த குதிரைக்கும் கொழுத்த மட்டக்குதிரைக்கும் அதைத் தவிர்த்துவிடுங்கள். கசப்பு மாத்திரையை எப்போதும் வைக்கும் தீவனத்தில் கலக்காதீர்கள். ஒரு தடவை ஏமாந்த குதிரை அந்தத் தீவனத்தையே வெறுத்துவிடும்.

கொள்ளும் தவிட்டுக் கூழும் எங்கே என்று கேட்பீர்கள். கோதுமைத் தவிட்டை ஒன்றிரண்டு நாள் ஆசைக்குக் கொடுக்கலாம். அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. தினமும் கொடுத்தால் முக எலும்பு ஊதிப் பெருக்கும். கொள்ளு தேறிய பிறகுதான், அதுவும் ஊறி வெந்த பிறகுதான்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

நலமாக இருந்த நடுத்தரக் குதிரை ஒரு வேளை தின்னாமல் இருந்து, மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தால், கண்காணித்துக்கொண்டே அடுத்த வேளை வரை பார்க்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. கொழுத்த மட்டக்குதிரை, கழுதை, சினைப் பெட்டை, பால் கொடுக்கும் பெட்டை என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இவற்றுக்குத் தீவனம் நின்றதும் உடம்பில் சேர்ந்த கொழுப்பு வெள்ளமாக ரத்தத்தில் இறங்கும். எடுத்த ரத்தத்தை நிறுத்தி வைத்தால் மேலே பால்போல் தெளியும். ஈரலும் சிறுநீரகமும் அதைத் தாங்காது. முதலில் வந்த நோய் குணமாகிய பிறகும் இதனாலேயே செத்துப்போகும். கொழுப்பாக இருக்கிறதே, இரண்டு நாள் பட்டினி தாங்கும் என்று நினைப்பது கொடிய தவறு. இந்த நிலையில் மருத்துவர் ரத்த நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றுவார், மூக்குக் குழாய் வழியாகக் கூழ் கொடுப்பார். சற்று விழுங்கக்கூடிய குதிரைக்கு, அவர் அனுமதித்தால், நீர்த்த கூழைச் சிரிஞ்சில் எடுத்து, தலையைத் தூக்காமல், வாயோரத்தில் 20 மில்லி விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள்.

பசி திரும்பிய பிறகு

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தின்னத் தொடங்கியதும் சந்தோஷத்தில் தானியத்தை அள்ளிப் போட்டால் குளம்பு அழற்சி வரும். குளம்பு சுடும், குதிரை பின்காலில் பாரத்தைச் சாய்த்து நிற்கும். நீண்ட நாள் பட்டினியால் எலும்பும் தோலுமாக ஆன குதிரைக்குத் தானியம் உயிரையே எடுக்கும். மாவுச்சத்து திடீரென்று ஏறினால் ரத்தத்திலுள்ள பாஸ்பரசும் மக்னீசியமும் சரிந்து இதயமும் மூச்சும் நின்றுபோகும்.

அத்தகைய குதிரைகளைத் தேற்றுவது குறித்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆராய்ந்து, உலர்ந்த குதிரைமசாலே சிறந்தது என்று கண்டார்கள். சுமார் 450 கிலோ இருக்க வேண்டிய குதிரைக்கு முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து தடவையைக் குறைத்து அளவைக் கூட்டி, ஆறாம் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுமார் 2 கிலோ. பத்தாம் நாளில் விரும்பிய அளவு. மட்டக்குதிரைக்கு எடைக்குத் தக்கபடி குறையுங்கள். தானியம் அதற்கும் பிறகு, மருத்துவர் சொல்லும்போது.

சில நாள் மட்டும் தின்னாமல் இருந்த குதிரைக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. முதலில் புல் முழு அளவுக்கு வரட்டும், லத்தி வழக்கமான எண்ணிக்கைக்கு வரட்டும். பிறகு ஒரு வாரம் பத்து நாளில் கொள்ளையும் ஓட்ஸையும் கைப்பிடி கைப்பிடியாகக் கூட்டுங்கள்.

சேணம் போடுவதற்கும் அவசரம் வேண்டாம். சளிக் காய்ச்சலில் இருந்து எழுந்த குதிரைக்கு, காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வார ஓய்வு என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு; எப்படியும் மூன்று வாரத்துக்குக் குறையக் கூடாது. சீசன் நேரத்தில் இது எவ்வளவு பெரிய வருமான இழப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன். அந்த வாரங்களில் காலையும் மாலையும் உடல் சூட்டைப் பார்த்து அதே நோட்டில் எழுதி வாருங்கள். பல் ராவிய தேதி, தடுப்பூசித் தேதி, பூச்சி மருந்துத் தேதி மூன்றும் அதன் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.